கேன்டீன் சுவரில் ஒரு காமெடி கோஷ்டி

சுவரில் ஆள் படம் போடுகிறவனுக்குக் காது முதுகில் இருக்க வேண்டும். அபிப்பிராயம் சொல்கிறவர்கள் எல்லாரும் பின்னால்தான் நிற்பார்கள்.

அன்று திங்கட்கிழமை காலை, ஒரகடத்தில் காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில், என் முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் இவர்கள்: எச்.ஆர். கவிதா மேடம், கேன்டீன் மாஸ்டர் பெஞ்சமின், ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் ராஜகோபால், கேட் செக்யூரிட்டி சுப்பிரமணி. பக்கத்தில் உட்கார்ந்து பெயின்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தவன் என் மைத்துனன் ஏகாம்பரம். பின்னால் நான்கு, பக்கத்தில் ஒன்று. எதிரே முப்பத்திரண்டு அடி நீளத்துக்கு வெறும் சுவர்.

அந்தச் சுவரைப் பார்த்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. பிரஷ் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ தொழிற்சாலைகளில் நான் வேலை செய்திருக்கிறேன். எல்லாம் மஞ்சள் கோடு, சிவப்பு அம்பு, 'தலைக்கவசம் அணிக'. ஆள் என்று நான் போட்டது ஒரே ஒருவனைத்தான். பச்சைக் கட்டத்துக்குள் கதவைப் பார்த்து ஓடுவானே, அவன். அவனுக்கும் மூஞ்சி கிடையாது.

இப்போது கவிதா மேடம் மூஞ்சியோடு ஆறு பேர் கேட்டார். பாதுகாப்பு வாரத்துக்காக ஒட்டிய நோட்டீஸை ஒருவரும் படிப்பதில்லையாம். நாடகத்தில், கூத்தில் வழக்கமாக வரும் சிரிப்பு ஆட்களைச் சுவரில் போட்டால் சாப்பிடும்போதாவது பார்ப்பார்களே என்பது அவர் யோசனை. பபூன், குடிகாரன், அரைகுறை வைத்தியர், தூங்குமூஞ்சிக் காவல்காரன், மாமியார், கஞ்சன். ஒவ்வொருவரும் ஒரு தப்பைச் செய்ய வேண்டும், அல்லது கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிளான்ட் ஹெட் வந்து பார்ப்பார். அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அதை மேடம் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்: "யாராவது ஒருத்தர், 'இது என்னைக் கேலி பண்ணுது'ன்னு எழுதிக் குடுத்தாப் போதும். மொத்தச் சுவருக்கும் வெள்ளை அடிச்சிருவாங்க."

நாலு தலை உயரம்

நிஜ மனிதன் அவன் தலையைப் போல ஏழு மடங்கு உயரம் இருப்பான். சிரிப்பு ஆள் நாலு தலைக்கு மேல் போகக் கூடாது. போனால் சிரிப்பு வராது, பரிதாபம் வரும். அடுத்தது, கண் மூக்கு இல்லாமல் வெளிக்கோடு மட்டும் போட்டாலே இவன் பபூன், இவன் கஞ்சன் என்று தட்டோடு வரிசையில் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது என் சொந்த ஏற்பாடு. யாருடைய மூக்கும் தெரியாமல் உள்ளே வந்துவிடக் கூடாது என்று, பெஞ்சமினிடம் ஆறு காய்கறி கேட்டு வாங்கி ஏணிப் படியில் வரிசையாக வைத்துக்கொண்டேன். பபூனுக்குத் தக்காளி, குடிகாரனுக்கு உருளைக்கிழங்கு, கஞ்சனுக்குப் பச்சை மிளகாய். இப்படி ஆறு மூக்கு.

பபூனுக்கு ஏகாம்பரம் நின்று காட்டினான். ஊரில் அம்மன் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவன் அவன். திரை விலகியதும் முதலில் வந்து, ராஜா முதல் சமையல்காரன் வரை எல்லாரையும் கிண்டல் செய்கிற வேஷம். பேச எனக்கு வராது. அவனுக்கு நிறுத்த வராது. இடுப்பில் ஒரு கை, ஒரு கால் மேலே, தலையில் காகிதக் கூம்புத் தொப்பி. "மாமா, சீக்கிரம் போடு, கால் மரத்துப் போவுது" என்று கத்திக்கொண்டே அவன் நிற்க, எனக்குக் கை பறந்தது. தலைக்கவசம் போடாத பபூன், மேலேயிருந்து விழுகிற நட்டு, அது தெரியாமல் அவன் இளிக்கிற இளிப்பு. ஒரே மூச்சில் வெளிக்கோடு முடிந்தது. இது நம்ம ஆள் என்று ஏகாம்பரம் அப்போதே உரிமை கொண்டாடிவிட்டான்.

அப்போது செக்யூரிட்டி சுப்பிரமணி வந்து, உள்ளே யாரும் ஹெல்மெட் இல்லாமல் நிற்கக் கூடாது என்று கூம்பைக் கழற்றி ஏகாம்பரத்துக்கு ஹெல்மெட்டை மாட்டினார். படத்தில் இருப்பவன் ஹெல்மெட் போடாததுதான் விஷயமே என்று ஏகாம்பரம் விளக்கினான். சுப்பிரமணி சுவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படமோ ஆளோ, கேட்டைத் தாண்டிட்டா ஹெல்மெட்டுதான், அவனை வேணா கேட்டுக்கு வெளிய வரைஞ்சிக்க."

பாட்டில் இல்லாத குடிகாரன்

தொழிற்சாலைச் சுவரில் பாட்டில் இருக்கக் கூடாது என்று கவிதா மேடம் சொல்லிவிட்டார். பாட்டில் இல்லாமல் குடிகாரனை எப்படிக் காட்டுவது? இந்த மாதிரி முடிச்சு விழுந்தால்தான் எனக்கு உற்சாகம். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டேன். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளி மாட்டினேன். அதனால் காலரில் ஒரு பக்கம் காதைத் தொட்டது, மறு பக்கம் தோளில் விழுந்தது. எதிரே இருக்கிற ஒரு மிஷினுக்கு நிஜமாக ஒரு லீவரும் புள்ளிக் கோட்டில் இன்னொன்றும் போட்டு, இல்லாத லீவரை அவன் பிடிப்பது போல வைத்தேன். தூரமாகப் போய்த் திரும்பிப் பார்த்தால் சுவரே தள்ளாடுவது போல இருந்தது. எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்துவிட்டது.

இரவு ஷிஃப்ட் முடிந்து இட்லித் தட்டோடு வந்த முருகேசன் என்ற லைன் ஆபரேட்டர் படத்தின் முன் நின்றார். படத்தைப் பார்த்தார், குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அவருக்கும் ஒரு துளை தள்ளித்தான் மாட்டியிருந்தது. ஏகாம்பரம் விழுந்து விழுந்து சிரித்தான். கவிதா மேடம் சிரிக்கவில்லை. கிட்டே வந்து அவருடைய ஷிஃப்ட் என்னவென்று கேட்டார். முருகேசன் பொத்தானைக் கழற்றிச் சரியாக மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் டீயைத் தவிர ஒண்ணும் தொட மாட்டேன் மேடம், ஓவர்டைம் சேத்து ரெண்டு ஷிஃப்ட் நின்னா எனக்கும் அந்த ரெண்டாவது லீவர் தெரியுது."

வைத்தியரின் ஊசி

நாடக வைத்தியர் என்றால் கையில் ஆள் உயரத்துக்கு ஓர் ஊசி இருக்கும். பழைய வழக்கம் அது. நான் ஊசியை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு ஒரு பற்பசை டியூபைக் கொடுத்தேன். சூடான இரும்பில் சுட்டுக்கொண்டவனின் கையில் வைத்தியர் டியூபின் மேல் ஏறி நின்று பேஸ்ட்டைப் பிதுக்குகிறார். கை முழுக்க வெள்ளை, அடிபட்டவன் வாயில் நுரை. முதலுதவி அறை பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது.

வெல்டிங் லைனில் வேலை பார்க்கும் செல்வி, தென்காசிப் பக்கத்துப் பெண், மூன்று தோழிகளோடு வந்து பார்த்தாள். தோழிகள் அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் தன் முழங்கையைத் திருப்பி என்னிடம் காட்டினாள். பழைய தழும்பு ஒன்று. பிறகு கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னாள்: "அண்ணாச்சி, அந்த வைத்தியர் நாந்தான், ஹாஸ்டல்ல எல்லாருக்கும் நாந்தான் தடவி விடுதேன், எங்க ரூம்ல பல்லு தேய்க்கதுக்குத்தான் பேஸ்ட்டு மிஞ்சாது."

விசில்

காவல்காரன் படத்தைப் போடும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது. தொப்பி கண்ணை மறைக்க, தொந்தி மூச்சில் எழும்ப, தடி காலடியில் விழுந்து கிடக்க, அவன் தூங்க வேண்டும். பின்னால் லாரி ரிவர்ஸில் வர வேண்டும். கேட்டில் சுப்பிரமணி இருக்கிறாரே! அவர் ஒரு புகார் எழுதினால் ஆறு பேரும் காலி. மூக்குக்கு வைத்திருந்த கத்திரிக்காயைக் கூட இரண்டு தடவை மாற்றினேன்.

அவர் டீ நேரத்தில் வந்தார். டீ ஆறும் வரை பார்த்தார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அந்த லாரிச் சக்கரத்துக்கே மூன்றாம் தடவையாகக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்: "தூங்கட்டும் பெயின்டரே, ஆனா என்னை மாதிரி விசிலை வாயில வெச்சிகினு தூங்கச் சொல்லு; மூச்சு வுட்டா சத்தம் வரும், லாரிக்காரன் நின்னுடுவான்."

மாமியார்

ஆறு பேரில் சரியான வேலை செய்கிறவள் மாமியார் ஒருத்திதான். ஒரு விரலால் மேஜைத் தூசியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டே, ஓரக் கண்ணால் தரையில் சிந்திய எண்ணெயைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அந்த ஓரக் கண்ணுக்கு நான் பட்ட பாடு! கறுப்பு விழி ஒரு நூல் நகர்ந்தால் கோபம் போய்க் காதல் வந்துவிடுகிறது. நாலாவது தடவைதான் கண் எண்ணெயில் விழுந்தது. விழுந்ததும் ஏகாம்பரம் பயந்து போய், "அக்கா மருமவளுக்கு போன் போட்டு இனிமே மாமியார்கிட்ட ஜாக்கிரதையா இருக்கச் சொல்லணும் மாமா" என்றான்.

டார்ச்சும் கையுமாகப் பாகங்களைச் சோதிக்கும் குவாலிட்டிப் பெண் ஜெயந்தி எதிரே வந்து நின்றாள். அவள் விரலும் ஒரு பாகத்தைத் தடவியபடிதான் இருந்தது. கூட வந்தவர்கள் கையைத் தட்டினார்கள். அவள் என்னிடம் திரும்பினாள்: "என்னை வரைஞ்சிட்டு மாமியார்னு எழுதிட்டீங்களே ஐயா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

கஞ்சன்

கடைசியாகக் கஞ்சன். ஒல்லி உடம்பு, ஒட்டிய கன்னம், இடுப்பில் சாவிக்கொத்து. புதுக் கையுறை நிறைந்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறான். எதிரே ஒரு தொழிலாளி கிழிந்த கையுறையைக் காட்டுகிறான். அதில் ஐந்து விரலும் வெளியே. கஞ்சனின் வாயில் இப்படி எழுதினேன்: 'கை போனால் போகட்டும், கையுறை பத்திரம்!' ஆறு படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த அணைப்பு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

புதன்கிழமை அதை முடித்தேன். வியாழன் மத்தியானம் ராஜகோபால் சார் ஒரு தாளோடு கவிதா மேடத்தின் அறைக்குப் போனார். ஸ்டோர்ஸில் கையுறை கொடுப்பவர் அவர்தான். கொஞ்ச நேரத்தில் பராமரிப்பு ஆட்கள் இரண்டு பேர் வெள்ளை டிஸ்டெம்பர் வாளியைக் கொண்டுவந்து சுவருக்குக் கீழே வைத்துவிட்டு, ரோலரை அதன் மேல் சாய்த்தார்கள்.  ஆறு பேரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

மேடமும் ராஜகோபால் சாரும் வந்தார்கள். "இது நான்தான் மேடம்" என்றார் அவர். "அந்த இடுப்பு, அந்தச் சாவி, அந்த நிக்கிற தினுசு. பசங்க சோத்துல கைய வெச்சிட்டு ஒரு வாட்டி சுவரைப் பாக்கறானுங்க, ஒரு வாட்டி என்னைப் பாக்கறானுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டு, "சார், மூக்கைப் பாருங்க சார். மாமா பச்சை மொளகாயைப் பாத்துப் போட்டது. உங்களுது இன்னா, கொடமொளகா மாதிரி ஜம்முனு கீது!" என்றான். ராஜகோபால் சார் ரோலரைப் பார்த்தார்.

அப்போது கவுன்டருக்குப் பின்னாலிருந்து பெஞ்சமின் கரண்டியோடு வந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார், அது நானு. ரெண்டாவது வடை கேட்டா நான் ட்ரேயை அப்டித்தான் கட்டிப் புடிச்சிப்பேன். 'மாஸ்டர், வடைக்குப் பூட்டு போட்டுக்கினியா'ன்னு நேத்துலேர்ந்து கேக்கறானுங்கோ. நானும் புகார் எழுதலாம்னுதான் இருந்தேன், பேனா கெடைக்கல."

கவிதா மேடம் கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார். "ரெண்டு பேரும் இருங்க. நான் இதை நேத்தே பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டேன். பெயின்டர் எங்கிட்ட ஏழு கலர் கேட்டார், நாலுதான் குடுத்தேன். அதுக்குத்தான் என்னைப் போட்டுட்டார்னு நெனச்சேன்."

ராஜகோபால் சாரின் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. "நீங்களா? மேடம், நாலு கலர்லாம் ஒரு கஞ்சத்தனமா? மாஸ்டர், வடை ஒரு கணக்கா? நான் ஒவ்வொரு கிளவுஸையும் விரல் விரலா விரிச்சிப் பாத்து, ஓட்டை இருந்தாத்தான் மாத்தித் தர்றேன். இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து!"

"அப்படின்னா மொதல்ல இந்தக் கஞ்சன் யாருன்னு நாம மூணு பேரும் முடிவு பண்ணுவோம்" என்றார் மேடம். "அப்புறம் அழிக்கலாம்."

ஏகாம்பரம் மெதுவாக எழுந்தான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "சார், எங்க ஊர்க் கூத்துல கட்டியக்காரன் வந்ததும் முன் வரிசையில ஒக்காந்துகினு கீற பெரிய மனுசனைத்தான் மொதல்ல கிண்டல் பண்ணணும். பண்ணாம வுட்டான்னு வெச்சிக்கங்க, அவரு துண்டை ஒதறிக்கினு எழுந்து வூட்டுக்குப் போயிடுவாரு, 'என்னை ஒரு ஆளா மதிக்கல'ன்னு. நான் ஒரு வாட்டி மறந்துட்டு, மறுநாள் போய்க் கால்ல வுழுந்தேன்."

 சாப்பிட வந்த இரண்டு பையன்கள் ராஜகோபால் சாரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் சுவரைப் பார்த்தார், வடை மாஸ்டரைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். பிறகு தாளை மேடத்தின் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.  அவர் சுவருக்குக் கிட்டே போய், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். "ஏழுதான் போட்டிருக்கீங்க பெயின்டரே, எங்கிட்ட ஒன்பது, மிச்ச ரெண்டையும் போடுங்க, இல்லன்னா வடைக்காரனைத்தான் வரைஞ்சீங்கன்னு சொல்லுவானுங்க."

வெள்ளிக்கிழமை

இரண்டு சாவியையும் வெள்ளிக்கிழமை காலையில் போட்டேன். சாவிக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தபோது, லைனிலிருந்து ஒரு ஆள் கிழிந்த கையுறையோடு ஓடி வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜகோபால் சாரிடம் நீட்டினான். அவர் வழக்கப்படி அதை வாங்கி விரிக்கப் போனார். கேன்டீனில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. நானும் பிரஷை எடுத்துவிட்டுத் திரும்பினேன். அவர் விரித்துப் பார்க்கவில்லை. எச்சில் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் புது ஜோடி கொண்டுவந்து கொடுத்தார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "சுவத்துல இருக்கறவன்தான் தர மாட்டான், நான் தருவேன்."

பிளான்ட் ஹெட் மத்தியானம் வந்தார். உயரமானவர், அதிகம் பேசாதவர். பபூனிடம் லேசாகச் சிரித்தார், மாமியாரிடம் ஒரு அடி பின்வாங்கினார், கஞ்சனிடம் நின்றுவிட்டார். நின்றவர் நகரவில்லை. புகார் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் மேடம். ராஜகோபால் சார் சாவிக்கொத்தை ஒரு முறை குலுக்கிக்கொண்டார். அப்படியானால் சுவர் இருக்கட்டும் என்றார் ஹெட். எனக்கு ஏணியிலிருந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தேன், ஆனாலும் குதிக்கவில்லை. போகும்போது அவர் கவிதா மேடத்திடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது என் முதுகுக்குத் தெளிவாகக் கேட்டது: "லஞ்ச் டைம்ல லைன்ல லைட்டையெல்லாம் அணைக்கச் சொல்றேனே, அதுக்காக என்னைப் போட்டுட்டாரா?"

ஆக, நான் போட்டது ஆறு பேரை, உரிமை கேட்டு வந்தது ஒன்பது பேர். மீதி மூன்று, மூன்றும் கஞ்சன்.